தபால்காரர் வீட்டுக்கு வந்த கடிதங்கள்

நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் ஒன்றைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. எங்கள் ஐயா அதை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். பஸ் ஓடாத ஒரு நாள், அவசரத் தந்தி ஒன்றைப் போத்தலுக்குள் அடைத்து நிலாவரைக்குள் போட்டாராம். அடுத்த நாள் விடியக் கீரிமலையில் குளிக்க இறங்கிய ஒருவரின் கையில் அது அகப்பட்டதாம். தந்தி வரவேண்டிய ஆளும் அவர்தானாம். "சைக்கிளில போயிருந்தாலும் அவ்வளவு கெதியாப் போயிருக்காது" என்று முடிப்பார்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்துக்குக் கீழேதான் நிற்கிறது, ஓடுகிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து நான் ஐயாவிடம் சொன்னபோது அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, நான் சொன்னதைத்தான் உங்கட வாத்தியாரும் சொல்லுறார்."

ஐயா தபால்காரர். நீர்வேலியிலும் பக்கத்து ஊர்களிலும் முப்பது வருடங்களுக்கு மேல் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். செம்மண் ஒழுங்கைகளும் வாழைத்தோட்டங்களும் நாய்களும் அவருக்கு வீட்டு இலக்கத்தைவிட நல்ல அடையாளங்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில், வாசிக்கத் தெரியாத கிழவிகளுக்குக் கடிதத்தை உடைத்து வாசித்தும் காட்டுவார். ஜேர்மனியையும் பிரான்ஸையும் சுவிஸையும் அவர் அறிந்துகொண்டது அப்படித்தான். ஒருநாளும் கடல் தாண்டாத மனிதர், பாரிஸில் லாச்சப்பலில் எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும் என்று சொல்வார்.

1990இல் போர் மறுபடி தொடங்கியபின் எங்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் வைத்து எரிக்கும் சிறு விளக்கில்தான் அண்ணா, அக்கா, நான் மூவரும் படித்தோம். வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் இருந்தது. குண்டுவீச்சு விமானம் வந்தால் எல்லாரும் அதற்குள் இறங்கி இருட்டில் குந்தியிருப்போம். ஐயாவின் நல்ல கதைகள் எல்லாம் அந்த இருட்டில் சொல்லப்பட்டவை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கா வரை போன கதையைத்தான் அடிக்கடி எடுப்பார். விமானம் தலைக்கு மேலே வட்டமிடும்போது கதையில் கப்பல் புயலுக்குள் இருக்கும். சத்தம் தூரப் போனதும் கடலும் அமர்ந்துவிடும். குண்டு கிட்ட விழுந்த ஒரு நாள் பாய்மரம் முறிந்தது. ஐயா மூச்சு விடாமல் அதை மறுபடி நட்டு நிமிர்த்தினார்.

அண்ணா ஒவ்வொரு நிறுத்தத்திலும் "பிறகு?" என்று கேட்பார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், உயர்தரம் படித்தவர், ஆனாலும் சின்னப் பிள்ளையைப் போல "பிறகு ஐயா?" என்பார். நான் கேட்கமாட்டேன். யாழ்ப்பாணத்துப் பாய்க்கப்பல் அமெரிக்கா போகுமா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, குடாநாட்டின் மேற்குப் பக்கமான எங்கள் வலிகாமமே மழைக்குள் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நாங்கள் கடந்தபோது விடிந்திருந்தது. கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே அரை வருடம். 1996 சித்திரையில் ஊர் திரும்பினோம். அந்த ஆடி மாதம், சைக்கிளில் கடைக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. அவருக்கு 19 வயது. இராணுவம் மறித்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே தான் காணவில்லை என்றார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அம்மா கையில் படத்தோடு எல்லா வாசலுக்கும் போனார். ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போவார்.

இரண்டு வருடம் கழித்து, 1998 ஆடியில், 1996இல் கொல்லப்பட்ட பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைச்சிப்பாய் ஒருவர் செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். செம்மணி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் ஓடும் தூரம். செய்தியைக் கேட்ட அம்மா அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கட்டிலில் படுத்தவர் எழும்பவே இல்லை.

மூன்றாம் கிழமை பிரான்ஸில் இருந்து கடிதம் வந்தது.

அண்ணாவின் கையெழுத்து. வன்னிக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் போய், ஒரு மாதிரி பாரிஸ் வந்து சேர்ந்துவிட்டேன், பயத்தில் இவ்வளவு நாளும் எழுதவில்லை என்று இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் சொல்லமுடியும், ஏனென்றால் நான் அதை வாசிக்கவில்லை. அம்மா எழும்பிக் குளித்தார். அடுப்பு மூட்டினார். வீடே அழுதது. நான் கடித உறையைக் கையில் எடுத்தேன். தபால்காரர் மகன் அல்லவா, நான்கு கொப்பி நிறைய முத்திரை சேர்த்து வைத்திருந்தேன். உறையில் ஒரு பெண்ணின் முகம் போட்ட சிவப்புப் பிரெஞ்சு முத்திரை. அதன்மேல் விழுந்திருந்த சீலின் வட்டம் முத்திரையின் விளிம்போடு நின்றுவிட்டது. உறையின்மேல் தொடரவேண்டிய மிச்ச வட்டத்தை யாரோ பேனாவால் கீறியிருந்தார்கள்.

வேறொரு வீட்டுக் கடிதத்தில் இருந்து கழற்றி ஒட்டிய முத்திரை அது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஐயா வாயைத் திறந்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். நிலாவரை, அன்னபூரணி, எல்லாமே எனக்கு ஒரே பொய்யாகிவிட்டது. அடுத்த ஐந்து வருடத்தில் இன்னும் பத்துக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது அம்மா என்னைக் கூப்பிடுவார். நான் உறையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். சீல் போடுவதில் ஐயா நன்றாகத் தேறிவிட்டிருந்தார். 2001இல் நான் கொழும்புக்குப் படிக்கப் போனேன்.

2004இல் அம்மா செத்துப்போனார். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்த காலம் என்பதால் வந்து சேர முடிந்தது. தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்கவேண்டும், தகப்பனுக்கு மூத்தவன். வைத்தேன். எட்டாம் நாள் செலவு முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் முற்றத்தில் இருந்தபோதுதான் அச்சடித்த மரண அறிவித்தல் என் கையில் அகப்பட்டது. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் நாட்டைப் போடுவது எங்கள் வழக்கம். அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில் 'பிரான்ஸ்' என்று இருந்தது.

நான் கத்தினேன். எல்லாரும் கேட்கக் கத்தினேன். முத்திரையைப் பற்றி, பேனாவால் கீறிய வட்டத்தைப் பற்றி. பதினோராவது கடிதத்தில் அண்ணாவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதாக எழுதி, அம்மாவைச் சாகும்வரை கலியாணக் கணக்குப் போட வைத்ததைப் பற்றி. "நீங்கள் அம்மாவை ஏமாத்திப்போட்டீங்கள். அண்ணாவையும் ரெண்டாந்தரம் துலைச்சுப்போட்டீங்கள்" என்றேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் இருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. மேலே வரும் சத்தம் கேட்கவே இல்லை. அன்றிரவே நான் புறப்பட்டுவிட்டேன். அப்புறம் கனடா. 21 வருடம்.

ரொறன்ரோவில் ஒரு மாரிகாலத்தில், நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அன்னபூரணி கண்ணில் பட்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்தான். ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1938இல் அது மசாசூசெற்ஸ் மாநிலத்தில் குளோஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. நான் அந்தப் பக்கத்தை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அன்று ஐயாவுக்குப் போன் எடுத்திருக்கலாம். எண் தெரியும். எடுக்கவில்லை. அதைப் பற்றி நான் இப்போது அதிகம் யோசிக்கிறேன்.

2025 ஆனியில் அக்கா அழைத்தார். ஐயாவுக்கு 81. வயிற்றில் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். "உன்னை வரச்சொல்லிக் கேக்கேல்லை. உன்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைக்கச் சொல்லி மட்டும் பெடியனிட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

நல்லூர்க் கோயில் கொடி ஏறிய கிழமை போய்ச் சேர்ந்தேன். விறாந்தையில் கட்டில் போட்டிருந்தார்கள். ஐயா பாதியாகிவிட்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். கனநேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியே மோனை?" என்றார்.

அவ்வளவுதான். 21 வருடத்துக்கு எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அதுதான். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அக்கா புட்டு வைத்தார். நான் ஐயாவின் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டேன். அவர் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பகலில் மருந்து கொடுக்க வரும் பிள்ளைக்குக் கதை சொல்லுவார். குரல் இல்லை, காற்றுத்தான். நிலாவரைத் தந்தி இப்போது ஒரு நாள் இல்லை, அரை நாளிலேயே கீரிமலை போய்ச் சேர்ந்தது. "அன்னபூரணி மெய்தான் ஐயா, நான் வாசிச்சனான்" என்றேன். "பின்ன?" என்றார். சந்தேகப்பட ஒருவன் இருந்ததே அவருக்குத் தெரியாதது போல.

அந்த நாட்களில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. மாசியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்குக் கிண்டியபோது எலும்புகள் வந்து, நீதிமன்றக் கட்டளையின்படி அகழ்வு நடந்துகொண்டிருந்தது. நான் வந்த கிழமை எலும்புக்கூடுகள் நூறைத் தாண்டியிருந்தன. பின்னர் 200ஐயும் தாண்டின. அவற்றில் பிள்ளைகளுடையவையும் உண்டு. ஒரு நீலநிறப் புத்தகப் பை. ஒரு விளையாட்டுப் பொம்மை. ஓகஸ்ட் 5ஆம் திகதி, எடுத்த பொருள்களை மக்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். இதை ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நாலாம் திகதி இரவு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ போய்ப் பாத்திட்டு வா. எனக்கு ஏலாது. நீலக் கோட்டுச் சட்டை. மேலேயிருந்து மூண்டாவது பொத்தான் வேற. என்ர காக்கிச் சட்டையில கழட்டி அம்மா தைச்சவ. மண்ணிறம். நாலு ஓட்டை."

29 வருடம். அந்தப் பொத்தானில் எத்தனை ஓட்டை என்பது வரை அவர் வைத்திருந்தார். என் கை நடுங்கியது. பிரான்ஸில் மகன் இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், ஒரு நாள்கூட அதை நம்பியதில்லை. நான்தான் அவர் நம்புகிறார் என்று நம்பியிருந்தேன்.

காற்றடித்து வைத்த சைக்கிளில்தான் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய் தன் மகனின் படத்தைச் சேலைத்தலைப்புக்குள் வைத்திருந்தார். உள்ளே ஆடைகள், செருப்புகள், காப்புகள். மண்ணின் நிறமே எல்லாவற்றின் நிறமுமாக ஆகியிருந்தது. நான் பொத்தான்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு துணியாகக் குனிந்து மேலிருந்து மூன்றாவதை எண்ணினேன். இல்லை. வெளியே வந்து அண்ணாவின் விவரத்தையும் சட்டையின் அடையாளத்தையும் சொல்லிவிட்டு வந்தேன். 2017 முதல் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்து பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் கேள்விக்குப் பதில் கிடைக்கவேண்டும். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கடிதங்களைப் பற்றி இங்கே எழுதுவதை யாரும் அதற்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடாது.

"இருந்ததோ?" என்றார் ஐயா.

"இல்லை ஐயா."

கண்ணை மூடினார். அது ஆறுதலா இழப்பா என்று என்னால் சொல்லமுடியாது. கொஞ்ச நேரம் கழித்து, மூடின கண்ணோடேயே சொன்னார்: "ஊரில எல்லா வீட்டுக்கும் வெளிநாட்டில இருந்து கடிதம் வரும். நான்தான் கொண்டு போய்க் குடுக்கிறனான். எங்கட வீட்டுக்குத்தான் ஒண்டும் வரேல்லை. உன்ர அம்மா படுத்திட்டா. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்டுதானே மோனை."

அக்கா அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் ரின்னை எடுத்துத் தந்தார். உள்ளே இரண்டு கட்டுகள். ஒன்று, அண்ணாவைத் தேடி ஐயா அனுப்பிய முறைப்பாடுகளின் பிரதிகள். 1996இல் தொடங்கி, கை எழுதக்கூடியதாக இருந்த 2024 வரை, ஒவ்வொரு ஆடிக்கும் ஒன்று. பிரான்ஸ் கடிதங்கள் எழுதிய வருடங்களிலும் உண்டு. மற்றக் கட்டு அந்தப் பதினொரு கடிதங்கள்.

அன்றிரவு அவற்றை முதன்முறையாக வாசித்தேன். முதல் கடிதத்தில் அண்ணா ஒரு அறையில் நான்கு பேரோடு இருக்கிறார். இரண்டாவதில் கோப்பை கழுவுகிறார். பனி கொட்டுவதை, கிணற்றடி இலவமரம் வெடித்தது போல என்கிறார். நாலாவதில் வெங்காயம் வெட்டக் கற்றுக்கொண்டார். ஆறாவதில் கையில் எண்ணெய் தெறித்துச் சுட்டுவிட்டது, அம்மா யோசிக்கவேண்டாம், காயம் ஆறிவிட்டது. ஏழாவதில் கண்ணாடி போட்டிருக்கிறார். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் இருபத்தைந்துக்கு முன்னே கண்ணாடி வந்துவிடும். ஐயாவுக்கு வந்தது, எனக்கு வந்தது. அண்ணாவுக்கும் வரவேண்டிய வயதில் சரியாக வந்திருந்தது. ஒன்பதாவதில் பழைய சைக்கிள் ஒன்று வாங்குகிறார். பதினோராவதில் புத்தூர்ப் பிள்ளை ஒன்றைப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

19 வயதோடு நின்றுபோன பிள்ளையை ஐயா 26 வயது வரை வளர்த்திருந்தார். சுகமில்லாமல் போக விட்டிருந்தார், சம்பளம் கூட்டியிருந்தார், மூக்கில் கண்ணாடி மாட்டியிருந்தார்.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான். 'முத்திரையை வெட்டித் தம்பியிட்டைக் குடுங்கோ.' அம்மாவுக்கு உறையை வெட்ட மனம் வந்திருக்காது. பதினொரு முத்திரையும் ஒட்டியபடியே இருந்தன.

அதன்பின் ஒன்பது நாள் ஐயா இருந்தார். நினைவு வந்து வந்து போனது. ஒரு மாலை, "பெரியவன்ர கடிதம் ஏதும் வந்ததோ?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ரின்னைத் திறந்து முதல் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். ஒரு பந்தி முடிந்து மூச்சு எடுக்கும்போது கட்டிலில் இருந்து அந்தக் காற்றுக் குரல் வந்தது.

"பிறகு?"

வாசித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு கடிதம். அவர் எழுதியவை என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியாது. பனி வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சிரித்தார். ஆறாம் நாள் கட்டு முடிந்துவிட்டது. அவர் "பிறகு?" என்றார். நான் பதினோராவது உறையைக் கையில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு, புத்தூர்ப் பிள்ளையோடு அண்ணாவுக்குக் கலியாணம் முடிந்ததைச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. இடையிடையே தடுமாறினேன். மகள் பிறந்திருக்கிறாள் என்றேன். "பேர் என்ன?" என்றார். அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, விடிய நாலரைக்குப் போய்விட்டார். அக்கா கையைப் பிடித்திருந்தார். நான் காலடியில் இருந்தேன்.

காலையில் அச்சகத்துப் பெடியன் கொப்பியோடு வந்தான். பிறந்த இடம், வாழ்ந்த இடம், ஓய்வுபெற்ற தபால்காரர், எல்லாம் எழுதினான். மக்கள் என்ற இடத்துக்கு வந்து, மூத்தவரின் பெயரை எழுதிவிட்டு, அடைப்புக்குறியைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மூத்தவர் எங்க அண்ணை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரான்ஸ்" என்றேன்.